எம்எல்எஸ் கிளப்புகளின் வட்டார உரிமை: அகாடமி வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறீர்கள், பையன் கால்பந்தில் நன்றாக வரத் தொடங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரமே ஒரு கோச்சோ, திறமையான பையன்களைத் தேடி வரும் ஸ்கௌட்டோ உங்களிடம் "நீங்கள் எந்தக் கிளப்பின் டெரிட்டரியில் குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்பார். முதல்முறை கேட்கும் பெற்றோருக்கு இது புரியாது. பையன் ஆடுகிறான், நல்ல இடம் கிடைத்தால் சேரப் போகிறான், இதில் வீட்டு முகவரி எங்கிருந்து வந்தது?

மேஜர் லீக் சாக்கர், அதாவது எம்எல்எஸ், தன் கிளப்புகளுக்கு இளம் வீரர்களை வளர்க்க வட்டாரங்களை, அதாவது டெரிட்டரிகளை, பிரித்துக் கொடுத்திருக்கிறது. அந்த வட்டாரத்துப் பையன்களை வளர்த்து முதல் ஒப்பந்தம் கொடுக்கும் உரிமை, லீக்கின் மற்ற கிளப்புகளுக்கு முன்னால் அந்தக் கிளப்புக்கு வரும். அப்படி வருகிறவரைத்தான் ஹோம்க்ரோன் வீரர் என்கிறார்கள். இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, உங்கள் பையனை எங்கே தொடும், எங்கே தொடாது என்று தெரிந்துகொண்டால் பல முடிவுகள் எளிதாகிவிடும். இது ஆண்கள் லீக்கின் விதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் லீகான என்டபிள்யூஎஸ்எல், கல்லூரி வீராங்கனைகளைக் கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையையே 2024-ல் கைவிட்டுவிட்டது. பெண் பிள்ளைகளின் பாதை வேறு.

இந்தக் கோடுகளை ஏன் போட்டார்கள்

1996-ல் ஆடத் தொடங்கிய எம்எல்எஸ், மற்ற நாட்டு லீக்குகளைப் போன்றதல்ல. வீரர்கள் கிளப்போடு ஒப்பந்தம் போடுவதில்லை, லீக்கோடு போடுகிறார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை டிராஃப்ட் வைத்து, வரிசைப்படி கிளப்புகள் தேர்ந்தெடுக்கும். இந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு கிளப் பத்து வருடம் செலவழித்து ஒரு பையனை ஆளாக்கினாலும், டிராஃப்ட் நாளில் வேறொரு கிளப் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அப்படியென்றால் கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமிக்கு யார் பணம் போடுவார்கள்?

2008-ல் வந்த ஹோம்க்ரோன் விதி அந்த ஓட்டையை அடைத்தது. தன் அகாடமியில் வளர்ந்த பையனை டிராஃப்ட்டுக்கு அனுப்பாமல் நேராக முதல் அணியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வருடம் நவம்பரில் எல்ஏ கேலக்ஸி டிரிஸ்டன் போவனை இப்படி எடுத்தது. அவர்தான் முதல் ஹோம்க்ரோன் வீரர். விதி வந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: இரண்டு கிளப்புகள் ஒரே பையனைக் கூப்பிட்டால் அவன் யாருக்கு? அதற்குப் பதிலாகத்தான் வரைபடத்தில் கோடுகள் விழுந்தன.

கோடுகள் போடப்பட்டது கிளப்புகள் தங்களுக்குள் சண்டை போடாமல் இருக்கத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். யாரும் உங்கள் பையனைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு கிளப் இன்னொரு கிளப்பைப் பார்த்து "இவனிடம் முதலில் பேசும் உரிமை எனக்கு" என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

முதல் படி: உங்கள் முகவரி எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்

ஒரு கிளப்பின் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே இல்லை. சியாட்டிலில் இருப்பவர் சவுண்டர்ஸ் வட்டாரம். மொண்ட்ரியாலில் இருப்பவர் அந்த ஊர்க் கிளப்பின் வட்டாரம். லாஸ் ஏஞ்சலிஸிலும் நியூயார்க்கிலும் மட்டும் இரண்டு கிளப்புகள் ஒரே நிலத்தில் இருக்கின்றன. அங்கே கேலக்ஸியும் எல்ஏஎஃப்சியும், ரெட் புல்ஸும் நியூயார்க் சிட்டி எஃப்சியும் ஒரே பிள்ளைகளுக்குப் போட்டி போடுகின்றன. அந்த ஊர்களில் இருக்கும் குடும்பங்களுக்கு இது நல்ல விஷயம். இரண்டு அகாடமியையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

ஊருக்கு வெளியே போனால்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நியூஜெர்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஹாரிசன் நகரில் ரெட் புல்ஸ் ஸ்டேடியம். தெற்கே டெலவேர் ஆற்றைத் தாண்டினால் செஸ்டரில் பிலடெல்ஃபியா யூனியன். தெற்கு நியூஜெர்சியின் மெட்ஃபோர்டில் வளர்ந்த பிரெண்டன் ஆரன்சன் யூனியன் அகாடமிக்குப் போய், அங்கிருந்து 2021-ல் ஆஸ்திரியாவின் ரெட் புல் சால்ஸ்பர்க்குக்குப் போனார். ஒரே மாநிலத்தில், கொஞ்சம் வடக்கே வீடு இருந்திருந்தால் அவர் வேறு சட்டை போட்டிருக்கக்கூடும்.

டெக்ஸஸ் இன்னொரு தினுசு. ரிக்கார்டோ பெப்பி எல் பாசோ பக்கத்துப் பையன். எல் பாசோவிலிருந்து எஃப்சி டாலஸின் மைதானம் இருக்கும் ஃப்ரிஸ்கோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். ஆனாலும் அவர் டாலஸ் அகாடமிக்குத்தான் போனார். 2019-ல் ஹோம்க்ரோன் ஒப்பந்தம் போட்டார். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் அவரை வாங்கியது. வட்டாரம் என்றதும் நாம் மனதில் வரைந்துகொள்ளும் சின்ன வட்டத்துக்கும் உண்மையான நிலப்பரப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ரியல் சால்ட் லேக் இன்னும் ஒரு படி மேலே போனது. யூடா மாநிலத்துக் கிளப், பக்கத்து அரிசோனாவில் காசா கிராண்டே என்ற ஊரில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அகாடமியைப் பல வருடம் நடத்தியது. அப்போது அரிசோனாவில் எம்எல்எஸ் கிளப்பே கிடையாது, காலி இடம். டூசானில் வளர்ந்த ஜஸ்டன் கிளாட் அந்த வழியாக வந்து சால்ட் லேக்கின் நிலையான தடுப்பு வீரரானார். பிறகு அகாடமியை யூடாவின் ஹெரிமனுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இந்த வரைபடம் கல்லில் செதுக்கியதல்ல. புதுக் கிளப் வந்தால் நிலம் கைமாறும். 2023-ல் செயின்ட் லூயிஸ் சிட்டி வந்தது, 2025-ல் சான் டியேகோ எஃப்சி வந்தது. சான் டியேகோ வரும்போதே ரைட் டு டிரீம் அகாடமியோடு வந்தது. 1999-ல் கானாவில் தொடங்கிய நிறுவனம் அது. இப்படி ஒரு கிளப் முளைத்ததும், நேற்றுவரை வேறு கிளப்பின் கணக்கில் இருந்த பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு திறக்கிறது. ஆரம்பத்தில் முழு மாநிலங்களையே அள்ளிக்கொண்டிருந்த வட்டாரங்களை லீக் பின்னால் தளர்த்தியது. கிளப் இல்லாத பகுதிகளில் எல்லோரும் தேடலாம் என்ற திசையில் விதிகள் நகர்ந்திருக்கின்றன. அதனால் மூன்று வருடத்துக்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். அகாடமி இயக்குநரிடமே கேளுங்கள்: "இந்த சீசனில் எங்கள் முகவரி யாருடைய வட்டாரம்?" நேரடியான கேள்வி, நேரடியான பதில் வரும்.

இரண்டாம் படி: முகவரி வேறு, தகுதி வேறு

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு கிளப்பின் வட்டாரத்தில் வீடு இருப்பதாலேயே பையன் அதன் ஹோம்க்ரோன் வீரர் ஆகிவிட மாட்டான். கிளப்பின் அகாடமியில் குறைந்தது ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும், லீக் சொல்லும் பயிற்சி நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும். சும்மா பெயர் எழுதி வைத்தால் போதாது, உடம்பு வந்து மைதானத்தில் நிற்க வேண்டும்.

அந்த ஒரு வருடம் எவ்வளவு கனமானது என்பதற்கு ஜோர்டன் மோரிஸைப் பாருங்கள். சியாட்டிலுக்குப் பக்கத்து மெர்சர் ஐலண்ட் பையன். சவுண்டர்ஸ் அகாடமியில் ஒரே ஒரு சீசன் ஆடினார், பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கல்லூரி மாணவராக இருக்கும்போதே, 2015 ஏப்ரலில், அமெரிக்கத் தேசிய அணிக்காக மெக்சிகோவுக்கு எதிராக கோல் அடித்தார். அந்த வருடக் கடைசியில் ஸ்டான்ஃபோர்டோடு தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றார். ஜெர்மனியின் வெர்டர் பிரேமனில் பயிற்சிக்கும் போய்வந்தார். எம்எல்எஸ்ஸில் எந்தக் கிளப்பும் அவரை விட்டிருக்காது. ஆனால் 2016 ஜனவரியில் அவர் கையெழுத்திட்டது சியாட்டிலுக்கு, ஹோம்க்ரோன் வீரராக, டிராஃப்ட் பக்கமே போகாமல். அந்த வருடமே சிறந்த புதுமுகம் விருது, அந்த வருடமே சியாட்டிலுக்கு எம்எல்எஸ் கோப்பை. எல்லாம் அந்த ஒற்றை அகாடமி சீசன் கொடுத்த உரிமை.

பெற்றோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பதினாறு, பதினேழு வயதில் "ஒரு வருடம் ஆடிப் பார்க்கலாமே" என்று அகாடமியில் சேர்வது சின்ன முடிவு அல்ல. பையன் கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்து எம்எல்எஸ்ஸுக்குள் நுழைய நினைக்கும்போதும் அந்த ஒரு வருடம் அவனோடு இருக்கும். அந்தக் கிளப் பிடித்த கிளப்பாக இருந்தால் நல்லதுதான். இல்லையென்றால் சேரும் முன் யோசியுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இளையோர் ஆட்டங்களை இப்போது நடத்துவது எம்எல்எஸ் நெக்ஸ்ட். 2007 முதல் இருந்த அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் டெவலப்மென்ட் அகாடமி 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. அந்த இடத்தில் அதே வருடம் இது வந்தது. இதில் எம்எல்எஸ் கிளப்புகளின் அகாடமிகளும் ஆடுகின்றன, எம்எல்எஸ்ஸோடு தொடர்பில்லாத ஏராளமான இளையோர் கிளப்புகளும் ஆடுகின்றன. 2025-26 சீசனிலிருந்து அதன் மேல்பிரிவுக்கு ஹோம்க்ரோன் டிவிஷன் என்றும் அடுத்த பிரிவுக்கு அகாடமி டிவிஷன் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹோம்க்ரோன் டிவிஷனில் ஆடுகிறான் என்பதற்காகப் பையன் ஹோம்க்ரோன் வீரர் ஆகிவிட மாட்டான். அந்தத் தகுதி எம்எல்எஸ் கிளப்பின் சொந்த அகாடமியில் இருந்தால்தான் வரும். மாதக் கட்டணம் வாங்கும் தனிக் கிளப் ஒன்று இந்தப் பெயரைக் காட்டி விளம்பரம் செய்தால், இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கட்டணம் என்றதும் ஒன்று. எம்எல்எஸ் கிளப்புகளின் அகாடமிகள் பெரும்பாலும் இலவசம். பிலடெல்ஃபியா யூனியனைச் சுற்றி 2013-ல் தொடங்கிய ஒய்எஸ்சி அகாடமி போன்ற பள்ளிகளில் படிப்பும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. தனிக் கிளப்புகளில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே பெரிது.

மூன்றாம் படி: இந்த உரிமை யாரைக் கட்டும்

எம்எல்எஸ் கிளப்புகளை மட்டும் கட்டும். உங்களைக் கட்டாது, கல்லூரியைக் கட்டாது, அமெரிக்காவின் இன்னொரு தொழில்முறை லீகான யுஎஸ்எல்லின் கிளப்பைக் கட்டாது, மெக்சிகோ லீக்கைக் கட்டாது, ஐரோப்பாவைக் கட்டாது. பையன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதவரை வெளியே எல்லாத் திசையும் திறந்துதான் இருக்கிறது.

பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் வளர்ந்த கிறிஸ்டியன் புலிசிச், பிஏ கிளாசிக்ஸ் என்ற உள்ளூர்க் கிளப்பில் ஆடிவிட்டு 2015-ல் பதினாறு வயதில் நேராக பொருஸியா டோர்ட்மண்டுக்குப் போய்விட்டார். எம்எல்எஸ் பக்கமே வரவில்லை. வெஸ்டன் மெக்கென்னி எஃப்சி டாலஸ் அகாடமியில் பல வருடம் வளர்ந்தவர். கிளப் அவரை முதல் அணியில் சேர்க்க விரும்பியது. அவர் 2016-ல் ஜெர்மனியின் ஷால்க்குக்குப் போனார், டாலஸுக்கு மாற்றுத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. அதே டாலஸ் அகாடமியில் இருந்த ஜொனாதன் கோமெஸ் வேறொரு வழி பிடித்தார். யுஎஸ்எல்லில் ஆடும் லூயிவில் சிட்டியில் தொழில்முறை வீரரானார், அங்கே நன்றாக ஆடி ஸ்பெயினின் ரியல் சோசியடாட்டுக்குப் போனார்.

சரி, எல்லோரும் இப்படிப் போக முடியுமா என்றால், முடியாது. ஃபிஃபா விதியின் 19-ஆவது பிரிவு பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கால்பந்துக்காக நாடு மாறுவதைத் தடுக்கிறது. விலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதினாறு வயதில் மாறலாம். புலிசிச்சுக்குத் தாத்தா வழியில் குரோஷியக் குடியுரிமை கிடைத்தது, அதனால்தான் பதினாறில் ஜெர்மனியில் ஆட முடிந்தது. அந்தப் பாஸ்போர்ட் இல்லாத மெக்கென்னி பதினெட்டு முடியும்வரை காத்திருந்தார். வெறும் அமெரிக்க, கனடிய, இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையனுக்கு ஐரோப்பியக் கதவு பதினெட்டில்தான் திறக்கும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்துக் கிளப்புகள் எந்த வெளிநாட்டு வீரரையும் பதினெட்டுக்கு முன் எடுக்க முடியாது. பதின்மூன்று வயதுப் பையனை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட் யாராவது வந்தால், இந்த ஒரு விதியைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதே பிரிவில் வருகிறது. பையனுக்குப் பத்து வயது தாண்டி, முன்பிருந்த நாட்டில் கிளப்பில் பதிவாகியிருந்தால், புது நாட்டில் பதிவு செய்ய சர்வதேச மாற்றச் சான்றிதழ் வேண்டும். பெற்றோர் வேலைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ குடிபெயர்ந்தார்கள், கால்பந்துக்காக அல்ல என்று காட்ட வேண்டும். வேலைக் கடிதம், விசா, வீட்டு ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். அகாடமியில் இடம் கிடைத்த பிறகு தேடத் தொடங்கினால் சீசனின் முதல் மாதங்கள் காகிதத்திலேயே போய்விடும்.

எம்எல்எஸ்ஸுக்கு உள்ளே நிலைமை வேறு. பையன் ஒரு கிளப்பின் ஹோம்க்ரோன் கணக்கில் இருக்கும்போது இன்னொரு எம்எல்எஸ் கிளப் அவனை எடுக்க வேண்டுமென்றால், முதல் கிளப்போடு பேசித் தீர்க்க வேண்டும். பெரும்பாலும் லீக்கின் உள்நாணயமான ஒதுக்கீட்டுப் பணத்தைக் கொடுத்து உரிமையை வாங்குவார்கள். பையனுக்கும் பெற்றோருக்கும் அந்தப் பேரத்தில் நாற்காலி கிடையாது.

இங்கே என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அகாடமியில் தினமும் பயிற்சி கொடுத்து, சாப்பாடு போட்டு, பேருந்து அனுப்பி, காயம் பட்டால் பார்த்துக்கொண்ட கிளப் "முதல் உரிமை எனக்கு" என்று கேட்பது நியாயம். அது உழைப்புக்கு உரிய கூலி. ஆனால் பையனை ஒருநாளும் மைதானத்தில் பார்க்காத கிளப், வரைபடத்தில் அவன் ஊர் தன் நிறத்தில் இருக்கிறது என்பதற்காக அவனைத் தன் கணக்கில் வைப்பது நியாயமே இல்லை. லீக் விதிகளைத் தளர்த்திய ஒவ்வொரு முறையும் நிலத்தின் எடை குறைந்து பயிற்சியின் எடை கூடியிருக்கிறது. அந்தத் திசை சரியான திசை, இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

கிளப் இல்லாத இடத்துப் பையனுக்குக் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அல்ஃபோன்சோ டேவிஸ் போதும். கானாவின் அகதிகள் முகாமில் பிறந்து, எட்மன்டனில் வளர்ந்த பையன். ஆல்பர்ட்டா மாநிலத்தில் எம்எல்எஸ் கிளப்பே இல்லை. பதினாலு வயதில் மலைகளைத் தாண்டி வான்கூவர் வைட்கேப்ஸ் அகாடமிக்குப் போனார். பதினைந்து வயதில் முதல் அணியில் ஆடினார். 2018-ல் பயர்ன் மியூனிக் அவரை வாங்கியபோது, எல்லா ஊக்கத்தொகையும் சேர்த்து 2.2 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தம் அது. அன்றைக்கு எம்எல்எஸ் வரலாற்றில் அதுதான் மிகப் பெரிய தொகை. தன் ஊருக்கு வெளியே தேடிப்போய்ப் பார்த்த கிளப்புக்குக் கிடைத்த பலன்.

நான்காம் படி: பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளப்புகள் வட்டாரத்துக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகின்றன? முதல் காரணம், சம்பள வரம்பு. எம்எல்எஸ் அணியில் முப்பது பேர் வரை இருக்கலாம், ஆனால் முதல் இருபது இடங்கள்தான் சம்பள வரம்புக் கணக்கில் வரும். ஹோம்க்ரோன் இளைஞர்களை மீதி இடங்களில் வைத்துக்கொண்டால் வரம்பைத் தொடாமலேயே அணி நிறையும். இரண்டாம் காரணம், விற்பனை. வெளிநாட்டுக்கு விற்கும் ஹோம்க்ரோன் வீரரின் தொகையில் லீக்குக்குப் பங்கு கொடுத்த காலம் போய், இப்போது கிளப்பே வைத்துக்கொள்கிறது. ஒரு நல்ல விற்பனை அகாடமியின் பல வருடச் செலவை ஈடுகட்டிவிடும்.

பையன் முதலில் ஆடிய சின்னக் கிளப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஃபிஃபா விதிப்படி, வீரர் ஒருவர் பணத்துக்கு நாடு மாறும்போது அந்தத் தொகையில் 5 சதவீதம், பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரியும். பன்னிரண்டு முதல் பதினைந்து வரை ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 0.5 சதவீதம். 2 கோடி டாலருக்கு ஒருவர் விற்கப்பட்டால், பன்னிரண்டு முதல் பதினைந்து வரை நான்கு வருடம் அவரை வைத்திருந்த தெருமுனைக் கிளப்புக்கு 2 லட்சம் டாலர். அந்த அளவுள்ள கிளப்புக்கு அது புது மைதானம்.

அமெரிக்காவில் நீண்டகாலம் இந்தப் பங்கு கொடுக்கப்படவேயில்லை. சியாட்டிலின் டியாண்ட்ரே யெட்லினை 2014-ல் இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் வாங்கியபோது, அவரைச் சிறுவயதில் வளர்த்த கிராஸ்ஃபயர் பிரீமியர் என்ற இளையோர் கிளப் தன் பங்கைக் கேட்டு ஃபிஃபா வரை போனது. 2019 ஏப்ரலில் எம்எல்எஸ்ஸே தன் அகாடமி வீரர்கள் வெளிநாடு போனால் பயிற்சி இழப்பீடும் இந்தப் பங்கும் கேட்போம் என்று அறிவித்தது. மெக்கென்னி போன மாதிரிக் கைவீசிப் போவது அதன் பிறகு எளிதல்ல. ஐரோப்பியக் கிளப் உங்கள் பையனை எடுக்க நினைத்தால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அகாடமிக்குக் கொடுக்க வேண்டிய தொகையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும்.

இந்தப் பணம் கிளப்புகளுக்குப் போவது, குடும்பத்துக்கு வராது. ஆனாலும் உங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து பாரிஸில் இயங்கும் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ், வீரரின் மின்னணுப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பங்கு பிரிக்கிறது. பையன் எந்த சீசனில் எந்தக் கிளப்பில் பதிவாகியிருந்தான் என்ற பட்டியலை, தேதியோடு, நீங்களும் வைத்திருங்கள். நாளைக்கு அவனுக்கு முதன்முதலில் பந்தைக் காட்டிக் கொடுத்த கோச்சின் கிளப்புக்கு நியாயமான பங்கு போய்ச்சேர அது உதவும்.

ஐந்தாம் படி: கல்லூரிக் கதவை மூடிவிடாதீர்கள்

தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி ஆபத்தில் விழும். கல்விதான் முக்கியம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய கவலை. இடையில் ஒரு வழி இருக்கிறது. 2022-ல் 21 அணிகளோடு தொடங்கிய எம்எல்எஸ் நெக்ஸ்ட் புரோ லீக்கில், அகாடமிப் பையன்கள் சம்பளம் வாங்காத அமெச்சூர்களாகவே பெரியவர்களோடு ஆடலாம். தரமும் தெரியும், கல்லூரித் தகுதியும் தப்பும். அப்படி ஆடும்போது என்ன காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று மட்டும் வரிவரியாகப் படியுங்கள்.

எதிர்முனையில், எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்கும் குடும்பங்களும் உண்டு. யூனியன் அகாடமியின் கேவன் சலிவன் 2024-ல் பதினாலு வயதில் ஹோம்க்ரோன் ஒப்பந்தம் போட்டார், அதே வருடம் ஜூலையில் எம்எல்எஸ்ஸில் ஆடிய மிக இளைய வீரரானார். பின்னாளில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போகும் ஏற்பாடும் அதோடு சேர்ந்தே வந்தது. அது அபூர்வம். அதை அளவுகோலாக வைத்து உங்கள் பையனை அளக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்

அகாடமியோடு உட்கார்ந்து பேசும் நாளில் கேட்க வேண்டியவை இவை. பையனை இப்போது எந்த எம்எல்எஸ் கிளப்பாவது தன் ஹோம்க்ரோன் உரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறதா? எப்போதிலிருந்து ஹோம்க்ரோன் தகுதி எண்ணத் தொடங்கும்? கல்லூரிக்குப் போனால் அந்த உரிமையைத் தக்கவைக்கக் கிளப் என்ன செய்ய வேண்டியிருக்கும்? வேலை மாறி நாங்கள் வேறு மாநிலத்துக்குப் போனால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. வேலைக்காக அடிக்கடி ஊர் மாறும் குடும்பங்கள் கேட்டே ஆக வேண்டும். டாலஸில் ஒரு வருடம் அகாடமியில் இருந்த பையன் அட்லாண்டாவுக்குக் குடிபோனால், டாலஸ் தன் உரிமையை விடுமா, விற்குமா, வைத்துக்கொள்ளுமா என்பது அடுத்த அகாடமியில் அவனுக்குக் கிடைக்கும் வரவேற்பைத் தீர்மானிக்கும்.

பதில்களை வாய்வார்த்தையாக விடாமல், கூட்டம் முடிந்த அன்றே ஒரு மின்னஞ்சலில் "நாம் பேசியது இது, சரிதானே?" என்று எழுதி அனுப்புங்கள். நல்ல அகாடமி இயக்குநர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பதில் தராமல் நழுவினால், அதுவும் ஒரு பதில்தான்.

அகாடமி பையனை வேண்டாமென்று அனுப்பினாலும் இதே கவனம் தேவை. விடுவிப்புக் கடிதத்தில் அகாடமி இடம் போனது மட்டும் இருக்கிறதா, ஹோம்க்ரோன் உரிமையையும் விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. உரிமையையும் விடச்சொல்லி எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். வேண்டாத வீரருக்காகப் பட்டியலில் இடம் அடைத்து வைக்க எந்தக் கிளப்புக்கும் ஆசை இருக்காது. அந்தக் கடிதத்தின் நகலை அடுத்த டிரயலுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.